மாடித்தோட்டம்: முதல் மாதமே சமைத்துச் சாப்பிடுகிற மாதிரி தொடங்குங்கள்

மாடித்தோட்டம் போடப் போகிறேன் என்று யார் சொன்னாலும் அவர்கள் முதலில் வாங்கி வருவது தக்காளி நாற்றாகத்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், அதுவும் சித்திரை வெயிலில், பன்னிரண்டு பைகளில் தக்காளி. செடி நன்றாகவே வளர்ந்தது, பூவும் பூத்தது, ஆனால் பூத்ததெல்லாம் காம்போடு உதிர்ந்து தரையில் கிடந்தது, இலைகள் சுருண்டுகொண்டன, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி மொத்தமாகக் கிடைத்தது ஏழு காய். அப்புறம் ஒரு வருடம் அந்தப் பைகளை நான் தொடவே இல்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியில் பூ நிற்காது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு வருடம் வீணாகியிருக்காது.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: விதை போட்ட ஒரு மாதத்துக்குள் பறித்துச் சமைக்கக்கூடிய செடியில் தொடங்குங்கள். வெந்தயக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை. பக்கத்திலேயே ஒரு தொட்டி புதினா. இவை கைக்கு வந்த பிறகு ஒன்றரை மாதத்தில் காய்க்கிற வெண்டை, கொத்தவரை. கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாம் அதற்குப் பிறகு. முதல் மாதமே ஒரு கூட்டோ பொரியலோ வைத்துவிட்டால் அப்புறம் தினமும் மாடிப்படி ஏறுவதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாக ஏறும்.

எத்தனை பை? ஐந்து போதும். அதற்கு மேல் முதல் மாதம் வாங்காதீர்கள்.

மண் கலவை

மாடிக்கு வெறும் மண் ஆகாது. கனம் ஒரு பக்கம், தண்ணீர் இறங்காமல் இறுகிப்போவது இன்னொரு பக்கம். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, இந்தக் கணக்கில் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூளையும் போட்டுக்கொண்டால் எல்லாச் செடிக்கும் பொருந்தும். கலந்ததும் விதைக்காமல் லேசாகத் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் பத்து நாள் அப்படியே விடுங்கள். பிறகு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பாருங்கள். கொழுக்கட்டை மாதிரி பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடிபடவே இல்லை என்றால் செம்மண் போதவில்லை, உதிரவில்லை என்றால் நார்க்கழிவைக் கூட்ட வேண்டும்.

கட்டியாக விற்கிற நார்க்கழிவில் ஒரு விஷயம் இருக்கிறது, நிறையப் பேர் கவனிப்பதில்லை. அதில் உப்பு இருக்கும். பெரிய டப்பில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் நன்றாக ஊதிப் பெருகும், தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்தில் இறங்கும். அந்தத் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு மறுபடி ஊறப்போடுங்கள். இரண்டு மூன்று தடவை மாற்றி, நிறம் வெளுத்த பிறகுதான் கலவையில் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விதைத்துவிட்டு, முளைத்த கீரையெல்லாம் நுனி கருகுகிறதே என்று உரத்தின் மேல் பழி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாணம் கிடைக்கிறது என்று பச்சைச் சாணத்தை அப்படியே போட்டுவிட வேண்டாம். மக்கும்போது வரும் சூட்டில் வேர் வெந்துவிடும். நன்றாக மக்கியதில் சாண வாடை இருக்காது, மழை பெய்த மண் வாசனைதான் வரும்.

கீரைக்கு ஆழம் தேவையில்லை, அரை அடி போதும், அகலம்தான் முக்கியம். பழைய அண்டா, உடைந்த டப், தெர்மாகோல் பெட்டி எதுவானாலும் சரி, அடியில் ஓட்டை இருந்தால் போதும். வெண்டைக்கும் கத்தரிக்கும் ஒரு அடிக்கு ஒரு அடி பை வேண்டும். அந்தப் பை ஈரத்தோடு நல்ல கனம் வரும், ஆகவே தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாகவும் தூண் இருக்கிற இடமாகவும் பார்த்து வையுங்கள். அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் தளம் காய்ந்துகொண்டே இருக்கும், ஓதம் இறங்காது. பெருக்கவும் வசதி.

முதல் மாதம்: வெந்தயமும் கீரையும்

வெந்தயத்துக்கு விதைக்கடைக்கே போக வேண்டாம், அஞ்சறைப்பெட்டி போதும். ஒரு கைப்பிடியை இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, ஈர மண்ணின் மேல் நெருக்கமாகத் தூவி, விதை மறைகிற அளவுக்கு மட்டும் மண்ணைத் தூவி மூடுங்கள். மூன்றாம் நாள் மண் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரியும், ஐந்தாம் நாள் இரண்டு இலை. இருபது இருபத்தைந்து நாளில் சப்பாத்தி மாவில் பிசைய ஒரு கட்டு தயார். ஒரே நாளில் எல்லாத் தொட்டியிலும் போட்டுவிடாமல் வாரம் ஒரு தொட்டியாகப் போட்டால் மாதம் முழுக்கக் கீரை இருக்கும்.

முளைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை விதைகள் கடுகைவிடப் பொடி. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு மணல் கலந்து, கோலமாவு தூவுகிற மாதிரி விரலிடுக்கில் விட்டுத் தூவுங்கள். மேலே தடிமனாக மண் போடக் கூடாது, கையால் லேசாக ஒரு தடவு தடவினால் போதும். குழாயைத் திறந்து தண்ணீர் விட்டால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும், முதல் பத்து நாளைக்குக் கையால் தெளியுங்கள், இல்லையென்றால் பூவாளி. எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும். தொட்டியைச் சுற்றி மஞ்சள்தூளோ அடுப்புச் சாம்பலோ தூவி வைப்பார்கள் எங்கள் பக்கம், நானும் அதைத்தான் செய்கிறேன்.

முளைக்கீரை மூன்று நாலு வாரத்தில் வேரோடு பிடுங்குவதற்குத் தயாராகிவிடும். அரைக்கீரை கொஞ்சம் பொறுமை கேட்கும், முதல் அறுப்புக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், ஆனால் அடியில் இரண்டு விரல்கடை விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும். ஒரு தொட்டி அரைக்கீரை பல மாதம் வரும். எனக்கு ஒரே ஒரு கீரைதான் வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் அரைக்கீரையைத்தான் எடுத்துக்கொள்வேன்.

பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை இரண்டுக்கும் விதை தேட வேண்டாம். கடையில் கீரை வாங்கிச் சமைத்த அன்று இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ஒடித்து ஈர மண்ணில் குத்திவையுங்கள். கணு ஒன்றிரண்டு மண்ணுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

புதினா, கொத்தமல்லி, கற்பூரவல்லி

இந்த மூன்றில் கற்பூரவல்லிக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, ஒடித்து நட்டால் வளரும், தண்ணீர் அதிகம் ஊற்றினால் அழுகும். வீட்டில் சளி பிடிக்கிற குழந்தை இருந்தால் ஒரு தொட்டி கட்டாயம் வையுங்கள்.

புதினாவுக்குக் கடைக்கட்டு போதும். கட்டைப் பிரித்து, தண்டு பருமனாக, கொஞ்சம் செம்பழுப்பாக இருப்பவற்றைத் தனியே எடுங்கள், வெளிர்பச்சையாகத் துவண்டு கிடப்பது தேறாது. கீழ்ப்பாதி இலையைக் கிள்ளிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு அடுக்களை ஜன்னலில் வையுங்கள், தண்ணீரை ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றுங்கள். ஒரு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை நூல் மாதிரி வேர் இறங்கும். வேர் ஒரு விரல் நீளம் வந்ததும் அகலமான தொட்டியில் நடலாம். ஆழமான பை தேவையே இல்லை, புதினா பக்கவாட்டில் ஓடுகிற செடி. காலை வெயில் மட்டும் படுகிற இடம் அதற்குப் பிடிக்கும். நட்ட வாரமே நுனியைக் கிள்ளிவிட்டால் ஒரு தண்டு இரண்டாகப் பிரியும், மறுபடி கிள்ளினால் நாலாகும். பாவம் என்று கிள்ளாமல் விட்டவர்களின் புதினா ஒல்லியாக நீண்டு, பூத்து, கசந்துபோகும். வேறு செடியோடு சேர்த்து நடாதீர்கள், இரண்டு மாதத்தில் அந்தச் செடி இருந்த இடம் தெரியாது.

கொத்தமல்லியில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். முளைக்கவே இல்லை என்பார்கள். மல்லி உருண்டையாக ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு விதை இருக்கிறது, அதை இரண்டாகப் பிளந்து போட வேண்டும். தரையில் ஒரு துணியில் பரப்பி பூரிக்கட்டையால் அழுத்தாமல் உருட்டினால் பருப்பு மாதிரி இரண்டாகப் பிரியும், மாவாக நொறுக்கிவிடக் கூடாது. பிளந்ததை ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் எட்டு முதல் பதினைந்து நாளில் முளைக்கும். எட்டாம் நாள் எதுவும் தெரியவில்லை என்று மண்ணைக் கிளறிவிடாதீர்கள். மளிகைக்கடை மல்லி பழையதாக இருந்தால் முளைக்காது, புதிதாக வந்த மூட்டையிலிருந்து கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, கோடையில் மல்லி போட்டால் நாலு இலை விட்டதும் பூத்துவிடும். ஐப்பசியிலிருந்து தை வரை போடுங்கள், அப்போது வருகிற மல்லியின் வாசனை மாடிப்படி வரைக்கும் இறங்கி வரும்.

வெண்டை, கொத்தவரை

காய்கறியில் முதலில் வெண்டை. நாற்றுவிட்டு எடுத்து நட வேண்டாம், நேராகப் பையிலேயே விதைக்கலாம். ஓர் இரவு ஊறவைத்து, விரல் முதல் ரேகை அளவு ஆழத்தில் பைக்கு இரண்டு விதை போட்டு, முளைத்த பிறகு நல்ல செடி ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அடியோடு வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடி வேரும் ஆடும். விதை வாங்கும்போது மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்குகிற ரகமா என்று கேளுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா அனாமிகா அப்படிப்பட்ட ரகம்தான், பரவலாகக் கிடைக்கிறது.

நாற்பது நாள் வாக்கில் முதல் பூ வரும். காலையில் சீக்கிரம் மாடிக்குப் போனால் பார்க்கலாம், வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் அடர்ந்த அரக்குச் சிவப்பு. சாயங்காலம் அது வாடிச் சுருண்டிருக்கும், அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம், வெண்டைப் பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தான். வாடிய பூவுக்குள்ளிருந்து மறுநாள் சுண்டுவிரல் நுனி அளவில் காய் எட்டிப்பார்க்கும். அங்கிருந்து ஐந்தாறு நாள். காயின் நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் முற்றிவிட்டது. அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், முற்றிய காய் செடியில் நின்றால் அடுத்த பூக்கள் குறைந்துவிடும். இலையிலும் காயிலும் சுணை இருக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கத்தரிக்கோலால் வெட்டுங்கள்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டு வெண்டைச் செடியை வைத்துக்கொண்டு பொரியல் செய்ய முடியாது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு எட்டுப் பத்துச் செடியாவது ஒன்றாகக் காய்க்க வேண்டும், அப்போதும் இரண்டு தடவை பறித்ததைச் சேர்த்துத்தான் ஒரு பொரியல். ஐந்து பை மட்டும் இருக்கிறவர்கள் காயைவிடக் கீரையில் இருப்பதுதான் லாபம்.

கொத்தவரைக்கு அவ்வளவு கவனிப்பு வேண்டாம். வெயில் தாங்கும், தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் கோபித்துக்கொள்ளாது, ஒன்றரை மாதத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். காய்ப்பு முடிந்த செடியைப் பிடுங்காமல் அடியில் வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள். அந்த வேரில் குண்டுமணி குண்டுமணியாக முடிச்சுகள் இருக்கும், காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணுக்குச் சேர்ப்பவை அவைதான். அந்தப் பையில் அடுத்ததாகக் கத்தரி வைத்தால் நன்றாக வரும்.

கத்தரி, மிளகாய், அப்புறம் தக்காளி

இவை மூன்றுக்கும் நாற்று வேண்டும். குழித்தட்டில் விதைத்து, ஐந்தாறு இலை வந்த பிறகு, சாயங்காலமாகப் பார்த்துப் பைக்கு மாற்றுங்கள். உச்சிவெயிலில் மாற்றினால் அன்றே தலை சாய்ந்துவிடும். முதல் தடவை நாற்றுப் பண்ணையில் வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. மிளகாய்க்கு வீட்டு வரமிளகாயை உடைத்து விதை எடுத்தாலும் முளைக்கும்.

கத்தரி நீண்டகால விருந்தாளி. காய்த்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிவிட்டு ஒரு கை தொழு உரம் போட்டால் மறுபடி தழைத்துக் காய்க்கும். கொழுந்து மட்டும் திடீரென்று தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று நினைக்காதீர்கள். உள்ளே புழு இருக்கிறது. தொங்குகிற இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி எடுத்துப் பிரித்துப் பார்த்தால் தண்டுக்குள் இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும். கிள்ளியதைச் செடிக்கடியில் போடாமல் அழித்துவிடுங்கள், அதுதான் அடுத்துக் காயைத் துளைப்பது.

மிளகாயில் இலை சுருட்டல் வரும். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசலில் அடங்கும், புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து தெளிக்கிறவர்களும் உண்டு. செடி முழுக்கச் சுருண்டு குட்டையாக நின்றுவிட்டால் பரிதாபம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடிகளாவது பிழைக்கும்.

தக்காளியைப் புரட்டாசிக்குப் பிறகு நடுங்கள். தண்டைக் கொஞ்சம் ஆழமாகப் புதைத்தால் புதைந்த பகுதியெல்லாம் வேர் விடும். நட்ட அன்றே குச்சி ஊன்றிவிடுங்கள், செடி பெரிதான பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். காயின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் அது பூச்சி வேலை இல்லை, ஒரு நாள் காயப்போட்டு ஒரு நாள் குளமாக்குகிறோம், அதனால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. தண்ணீரை ஒரே சீராகக் கொடுங்கள்.

சுரை, பீர்க்கு, புடலை எல்லாம் பந்தல் கேட்கும், ஆண்பூ பெண்பூ பார்த்துச் சில சமயம் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரும் பூச்சியும்

தினம் காலையில் ஒரு வாளி என்று கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் இன்றைக்கு வேண்டாம். மேல்மண் காய்ந்து தெரிவதைப் பார்த்து ஊற்றி ஊற்றித்தான் பெரும்பாலான செடிகள் அழுகுகின்றன, தண்ணீர் இல்லாமல் சாவது அதைவிடக் குறைவு. கோடையில் காலை மாலை இரண்டு வேளையும் தேவைப்படும், மார்கழியில் ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும். மண்ணின் மேல் காய்ந்த இலை, தேங்காய் மட்டை நார் என்று எதையாவது மூடாக்காகப் போட்டுவைத்தால் பாதித் தண்ணீர் மிச்சம். அரிசி களைந்த தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம், உப்புப் போட்டுக் காய் வேகவைத்த தண்ணீரை ஊற்றவே கூடாது.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை உரம். கடலைப் புண்ணாக்கை ஒரு கைப்பிடி எடுத்து மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேரடியில் ஊற்றுங்கள். வாடை வரும்தான், மறுநாள் போய்விடும்.

பூச்சியைப் பார்ப்பதற்கு முன்னால் எறும்பைப் பார்ப்பீர்கள். தண்டில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கினால் இலையைத் திருப்புங்கள், அசுவினியோ, பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சியோ கட்டாயம் இருக்கும், அவை சுரக்கிற இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. கொஞ்சமாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினாலே போகும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் நாலைந்து சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, அதில் 5 மில்லி வேப்பெண்ணெய் ஊற்றிப் பால் மாதிரி வெளுக்கிற வரை குலுக்கி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். கீரைக்கு இதைத் தெளிக்காமல் கையால் பொறுக்கிவிடுங்கள், தெளித்துவிட்டால் கசப்பு வாயில் நிற்கும்.

எப்போது தொடங்குவது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். ஆடியில் வெயில் தணிய ஆரம்பிக்கும், வெண்டை, கத்தரி, கொத்தவரை எல்லாம் போடலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் பையின் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள், தண்ணீர் இரண்டு நாள் நின்றால் வேர் போய்விடும். சிறு கீரைத் தொட்டிகளைச் சன்ஷேடுக்கு அடியில் இழுத்து வைத்துவிடுங்கள், கனமழை அடித்தால் நாற்றெல்லாம் மண்ணோடு படுத்துவிடும். தைப்பட்டம் அடுத்த வாய்ப்பு. பங்குனியிலிருந்து பச்சை நிழல்வலை, ஐம்பது சதவீதம் நிழல் தருவது போதும், கட்டினால் கீரையைக் காப்பாற்றலாம்.

முதல் வெண்டைப் பயிரில் நல்ல செடி ஒன்றைப் பார்த்து, அதில் ஒரே ஒரு காயைப் பறிக்காமல் விடுங்கள். அது பழுப்பாகி, ஓரம் வெடிக்கத் தொடங்கும்போது பறித்து நிழலில் காயவைத்து, விதையை உதிர்த்துச் சாம்பல் கலந்து ஒரு டப்பாவில் போட்டு, மாதமும் வருடமும் எழுதி ஒட்டுங்கள். கடையில் வாங்கியது வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் மட்டும் இப்படி எடுக்க வேண்டாம், அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. நாட்டு ரகமாக இருந்தால் அந்த ஒரு காயிலேயே அடுத்த ஆடிக்குத் தேவையான விதை இருக்கிறது.